ஒளித்து வைக்க மறுத்த முதலாளி

போடி பஸ் நிலையத்தில் தேவாரம் பஸ்சுக்காக நின்றிருந்தேன். குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் முருகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தான். "அண்ணே, ஒங்க எதிராளி போயிட்டாரு" என்றான். யார் என்று கேட்கவில்லை. எனக்கு இந்த ஊரில் எதிராளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'ஒங்க எதிராளி' என்று உறவுமுறை போலச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். குரங்கணிச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருந்த அழகர்சாமி. விடியும்போது நெஞ்சு வலித்திருக்கிறது, வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. தேவாரம் பஸ்சை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஒரு முதலாளிக்கு அஞ்சலி எழுதலாமா என்று தோழர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். எழுபதுகளிலிருந்து நான் அவரோடு போட்ட சண்டைகளுக்கு அவர்களே சாட்சி. கூலிக்குச் சண்டை, கம்பளிக்குச் சண்டை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் அதற்கும் சண்டை. மனிதர் வடிகட்டின கஞ்சர். "ஒங்க சங்கத்துக்குக் குடுத்துக் குடுத்தே எஞ் செடி காஞ்சுபோச்சுய்யா" என்பார். சண்டை முடிந்ததும் கருப்பட்டிக் காப்பி வரும். அதில் கருப்பட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்களுக்குள் நடந்த சண்டைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம் மலைக்கு இரண்டு விதமாக ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் இரு நாட்டு ஒப்பந்தப்படி, இந்தியக் குடிமக்களாக, கப்பலில் வந்தவர்கள். எண்பதுகளில் கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தவர்களுக்கு உடுத்திய துணிதான் சொத்து. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அயல்நாட்டார். முகாமில் பதிய வேண்டும், வெளியே தங்கினால் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும். பதியாதவரை வேலைக்கு வைத்தால் வைத்தவர் மேலும் வழக்கு வரும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அக்காள் இந்தியக்காரி, தங்கை அயல்நாட்டுக்காரி.

பல தோட்டங்களில் அவர்களை ஒளித்து வைத்து வேலை வாங்கினார்கள். கூலி பாதி. போலீசு வருகிறது என்றால் மலைப்பாதையில் கேரளப் பக்கம் ஏற்றிவிடுவார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டால் "ஸ்டேசனுக்குச் சொல்லட்டுமா" என்று ஒரு கேள்வி, அத்தோடு வாய் அடைத்துவிடும். தஞ்சம் கொடுத்த புண்ணியமும் அந்த முதலாளிகளுக்கே, மிச்சம்பிடித்த கூலியும் அவர்களுக்கே.

அழகர்சாமி தோட்டத்தில் ராக்கம்மா என்று ஒருத்தி, கப்பலில் வந்தவள். அவள் தங்கை செல்வராணி படகில் கரையிறங்கி, முகாமுக்குப் போகாமல், அக்காளைத் தேடி விசாரித்து விசாரித்து மலையேறி வந்துவிட்டாள். அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் சங்கத்துப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். "அரைக் கூலிக்கு ஆளு எடுத்தா எங்க பொழப்பு என்னாகும்ணே?" நியாயமான பயம். கோபத்தோடு மேலே போனேன்.

ஏலக்காய், செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நம் பெண்கள் குத்தவைத்துப் பறித்து இடுப்புப் பைக்குள் போடுவார்கள். செல்வராணியோ கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, பறித்த காயைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசிக்கொண்டிருந்தாள். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய கை. குனிந்த முதுகில் கூடை சரிந்து பாதிக் காய் மண்ணில் விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், மறுபடியும் அப்படியே வீசினாள்.

அழகர்சாமியைக் கண்டதும் "தொரை வாறார்" என்று ஒதுங்கி நின்றாள். "நான் தொரை இல்ல தாயி, சோலியப் பாரு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எதுக்கு வந்திருக்கன்னு தெரியும்யா. முழுக் கூலிதான் குடுக்குறேன். அவ அக்காகிட்டயே கேளு."

கேட்டேன், உண்மைதான். "காய மண்ணுல கொட்டுறதுக்கும் சேத்தா?" என்றேன்.

"வயித்தெரிச்சலக் கெளப்பாத" என்றார்.

அந்த முழுக் கூலிதான் வினையாயிற்று. விஷயம் பரவி, மற்ற தோட்டங்களில் ஒளிந்திருந்தவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பொறுக்கமாட்டாத ஒரு தோட்ட முதலாளி அழகர்சாமி மேல் போலீசுக்கு மனு எழுதிப் போட்டார். விசாரணைக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் அழகர்சாமியிடம் ஓடினேன். "வெரசா பாதையில ஏத்தி விடுங்கண்ணே. அந்தப் பக்கம் நம்ம ஆளுக பாத்துக்கிருவாக" என்றேன். ராக்கம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, இப்பத்தான் ஒண்ணு சேந்திருக்கோம். இவள முகாமுக்குக் கொண்டுபோயிட்டா நான் மறுபடி எங்க போயித் தேடுவேன்?"

அழகர்சாமி செல்வராணியையே பார்த்தபடி இருந்தார். "எந்த ஊருன்னு அவ கையே சொல்லுதே. கைய எங்கிட்டுக் கொண்டுபோயி ஒளிக்கிறது?" என்றார். பிறகு என்னிடம், "ஒளிச்சு வச்ச ஆளுக்கு வாய் இருக்காதுய்யா. இன்னைக்கு முழுக் கூலி குடுக்குறேன். நாளைக்கு ஏலக்கா வெல எறங்குனா எம் புத்தி எப்படிப் போகுமோ. அப்ப இவ எவங்கிட்டப் போயிக் கேப்பா?" என்றார். தன் புத்தியைத் தானே நம்பாத முதலாளியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பட்டப்பகலில் ஜீப்பில் அக்காள் தங்கையை ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார். நானும் போனேன். "நீங்களா வந்து மாட்டிக்கிறீங்களே" என்றார் அதிகாரி. "வேலைக்கு வச்சது நான். எழுதிக்கங்க" என்றார் இவர். எழுதிக்கொண்டார்கள். அவர் மேல் வழக்கு, அவளுக்கு முகாம். ராக்கம்மா வாசலில் மண்ணை வாரித் தூற்றி, "நீ வெளங்குவியா" என்று சபித்தாள். சட்டை முழுக்க மண்ணோடு நின்றவர் தட்டிக்கூட விடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நானும் திட்டினேன். "சட்டத்த நம்பி ஒரு குடும்பத்தப் பிரிச்சிட்டீங்க." ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வழக்குக்கு ஒருபுறம் அலைந்தார், அவளுக்கு அனுமதி கேட்டு முகாமுக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் மறுபுறம் அலைந்தார். கட்டுச்சோற்றோடு பஸ்சில்தான் போவார், கஞ்சத்தனம் போகவில்லை. குமாஸ்தாக்களிடம் அவர் குழைவதைப் பார்த்து எனக்குக் கூசும். "கெஞ்ச வந்த எடத்துல வெறைப்பு எதுக்குய்யா" என்பார்.

அவர் செய்தது சரி என்று இன்றும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். வேறொரு அதிகாரியாக இருந்தால் அவளை இலங்கைக்கே திருப்பி அனுப்பியிருப்பார். பணயம் வைத்தது அடுத்தவள் வாழ்க்கையை. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "தெரியும்யா, ராத்திரி கண்ண மூடுனா அதான் வருது" என்றார்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. அக்காளோடு தங்கலாம், வேலை செய்யலாம், தவறாமல் ஸ்டேசனில் கையெழுத்துப் போட வேண்டும். செல்வராணி திரும்பி வந்தாள். கை மட்டும் மாறவில்லை, காயைத் தோளுக்கு மேலேதான் வீசினாள்.

அடுத்த பறிப்பில் ஏலக்காய் விலை இறங்கியது. அழகர்சாமியின் புத்தி அவர் சொன்ன வழியிலேயே போனது. எல்லாருக்கும் கூலியைக் குறைத்தார். வேலையை நிறுத்திவிட்டு கேட்டில் உட்கார்ந்தோம். அவர் ஜீப்பு வந்து நின்றபோது முன்னால் எழுந்து நின்றவள் செல்வராணி. "அண்ணே, பழைய கூலியச் சொல்லிட்டு உள்ள போங்க" என்றாள். தொரை என்று சொல்லவில்லை.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைத் தனியே இழுத்துப் போனார். "பாத்தியாய்யா, எங்கிட்டயே கேக்குறா." நிஜமான கோபம்தான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்தது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மதியத்துக்குள் பழைய கூலி திரும்பியது.

ஜீப்பில் போய் இறங்கியபோது அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மண்ணை வாரித் தூற்றிய ராக்கம்மாதான் தலைமாட்டில் உட்கார்ந்து மாரடித்து அழுதுகொண்டிருந்தாள். செல்வராணி என்னிடம் வந்து, "இனி நாங்க ஆரோட சண்ட போடுறதுண்ணே?" என்றாள். எனக்கும் அதே துக்கம்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரு கேள்வி. பாவப்பட்ட ஆளுக்குத் தஞ்சம் கொடுத்திருக்கிறேன் என்று இப்போதும் சில முதலாளிகள் என்னிடம் பெருமை பேசுவதுண்டு. நான் சட்டம் பேசுவதில்லை. "அந்த ஆளு ஒங்க கேட்டுல நின்னு ஒங்கள எதுத்துப் பேச முடியுமா?" என்று மட்டும் கேட்கிறேன். பேச்சை மாற்றிவிடுகிறார்கள். யாரும் கேட்காமலே அதைத் தன்னிடம் கேட்டுக்கொண்டவர், எனக்குத் தெரிந்து, என் எதிராளி ஒருவர்தான்.