குளித்துவிட்டு உள்ளே வா

செய்தி கதவுக்கு வெளியே கூடையில் கிடந்திருக்கிறது. எங்கள் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் தாய் இறால் இருக்கும் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. தீனி போட்டுவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால், விருத்தாசலத்திலிருந்து சரோஜா அக்காவின் கணவர் பலமுறை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன். "அக்கா போயிட்டாங்கம்மா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். என் கையில் தீனி வாடை அப்படியே இருந்தது.

பழைய பொரிப்பகத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அக்காவின் குரல் மறந்திருக்காது. வெளியே போய் வந்தவர் முதலாளியே ஆனாலும் வாசலில் மறிப்பார். "சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி தலைக்குக் குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பார். சோற்று டப்பாவை மோந்து பார்ப்பார். சந்தை இறால் குழம்பு இருந்தால் போச்சு, அதிலிருந்தும் நோய் ஒட்டுமாம், வெளியே மரத்தடியில்தான் சாப்பாடு. ஒரு நாள் அவர் கணவர் ஆசையாகக் கட்டிக் கொடுத்த குழம்பையே அப்படி வெளியே உட்கார்ந்து தின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "சிரிங்கடி. தாய்க்கு நோவு வந்தா சிரிக்க வாய் இருக்காது" என்றார்.

தாய் இறாலுக்கு அவர் போட்டது கிரில். பார்வைக்குச் சென்னாக்கூனி மாதிரிதான். தென்துருவக் கடலில் பிடித்து, கிருமியை அழித்து, கட்டியாக உறைய வைத்து அனுப்புவார்கள். ஒருமுறை அது வந்து சேரத் தாமதமாகி, இருப்பும் தீர்ந்துபோனது. தாய்கள் முட்டையிடுவது குறைந்தது. கழிமுகச் சேற்றில் தோண்டிய உயிர்ப்புழுவைப் போடலாம் என்றார் மேனேஜர்.

"புழு தின்னா முட்டை நெறைய வுடும், இல்லைன்னு சொல்லலைங்க. அது எந்தச் சேத்துல என்னா நோவோட கெடந்துதோ? கிரில் வரட்டும், பொறுங்க" என்றார் அக்கா.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்காக அவர் லீவில் போன அன்று, வாளியில் புழு உள்ளே போனது. நான் குறுக்கே நின்று பார்த்தேன். "உன் வேலையைப் பாரு" என்றார்கள்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தாய்கள் தீனியைத் தொடவில்லை. நோய் பரவாமல் தாய்களைக் கொன்றுவிட எல்லாத் தொட்டியிலும் குளோரின் கொட்ட வேண்டியதாயிற்று. அக்கா வேறு யாரையும் தொட விடவில்லை. "வளத்தவ நான் இருக்கேன்ல" என்று தானே கொட்டினார். பிறகு சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

அந்த மேனேஜர் கூசாமல் சொன்னார், அக்கா போட்ட கிரிலில்தான் நோய் வந்ததாம். கிரிலே இல்லாத சமயத்தில்! என்ன நெஞ்சழுத்தம்! அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நோய் கொண்டுவந்தவள் என்ற பேர் முன்னால் போய்விட்டதால் வேறெந்தப் பொரிப்பகமும் சேர்க்கவில்லை. ஊரில் செராமிக் கம்பெனியில் பீங்கான் கப்புகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். போனில் பேசும்போதெல்லாம் முடிக்கும் முன் ஒன்று கேட்பார்: "அது என் கையால வரலைன்னு நாலு பேருகிட்ட சொல்லு, போதும்."

சொல்கிறேன் அக்கா. நோய் புழுவில் வந்தது. உங்கள் கையால் வரவில்லை. வாளி உள்ளே போனதை என்னோடு பார்த்தவர்கள் இதைப் படித்தால், அவர்களும் சொல்லட்டும்.

அக்காவை எடுத்த பிறகு, அவர் வீட்டுக் குழாயடியில் மற்ற பெண்களோடு தலைக்குக் குளித்தேன். மறுநாள் பொரிப்பக வாசலில் மறிக்க யாருமில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வழக்கம்தான். நிஜமாகவே சாவு வீட்டிலிருந்து வந்திருந்தேன். மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போனேன்.