தண்ணீர்க் குழியோரம் வைத்த உப்பு

சொனோராப் பாலைநிலத்தில் அந்த மலை வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கிறது. கடலிலிருந்து வரும் மேகம் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். கிழக்கே தாண்டி வருவது வெறும் காற்றுதான். தெல்ஃபினாவின் வீடு கிழக்கே, கள்ளிக்காட்டுக்கும் உவர்த்தரைக்கும் நடுவில். ஏன் அங்கே போய்க் கட்டினார்கள் என்று கேட்கக்கூடாது. கட்டினார்கள், அவ்வளவுதான்.

புருஷன் யூசேபியோவைப் புதைத்த மறுநாளே அவள் மாடு நக்குகிற உப்புக்கட்டியைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். அவளுடைய மாடுகள் அங்கே கிழக்குச் சரிவில் பாறைக்குழித் தண்ணீரை நம்பி மேய்கின்றன. உப்பை இறக்கிவிட்டுத் திரும்பினாள். அழவில்லை. சாப்பிட்டாளா என்றால் அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் கொழுந்தன் லிப்ராதோ மாடுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணி, உப்பை எங்க வெச்சீங்க?"

"குழிகிட்ட."

"தண்ணிகிட்டயே உப்பிருந்தா மாடு எதுக்கு அசையும்? பந்தியிலயே பாய் விரிச்சுக் குடுத்திருக்கீங்க! சுத்தி ஒரு புல்லு இல்ல. தண்ணியும் அடியில கொஞ்சம்தான் கெடக்கு."

"தூரமாத்தான் வைக்கணும். தெரியும்."

"தெரிஞ்சுமா வெச்சீங்க?"

"கை வெச்சிருச்சு."

உப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் இருந்தால்தான் மாடு நடந்து நடந்து மலை முழுக்க மேயும். அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

மேற்கே மழை பெய்திருந்தது. கணவாய் தாண்டி ஓட்டாவிட்டால் மாடுகள் செத்துவிடும். அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

விடிந்ததும் கிளம்பினார்கள். குழியோரம் கிடந்த மிச்ச உப்பைக் கழுதைமேல் ஏற்றி அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னாலிருந்து விரட்டினான். மந்தைக்கு முன்னே போகிற கிழட்டுப் பசு மட்டும் எழவேயில்லை. அது எழாமல் மற்றவை நகராது.

தெல்ஃபினா திரும்பி வந்து அதன் முன்னே நின்றாள்.

"எந்திரிடி கெழவி. உம்புருஷனா செத்தான்? நானே நடக்கிறேன், உனக்கென்ன?"

லிப்ராதோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டான். பசு எழுந்தது.

ஏற்றத்தில் ஒரு கன்று விழுந்தது, எழவில்லை. விட்டுவிட்டு நடந்தார்கள். கணவாயில் ஈரமண் வாசனை எட்டியதும் மாடுகள் தாமாகவே ஓடின. தெல்ஃபினாவுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

கீழே ஓடை நிறையத் தண்ணீர். மாடுகள் மூக்கு முங்கக் குடித்தன.

"பொழச்சுதுங்க அண்ணி! இப்பவாவது அழுதிருங்க. இங்க யாரு பாக்கப் போறா?"

"அழுகை வந்தா அழமாட்டேனா?"

"சரி, உப்பை இறக்கட்டுமா?"

அவள் எதிர்மேட்டைக் காட்டினாள்.

"அவ்வளவு தூரமா? பசிக்குது அண்ணி."

"நட," என்றாள். கழுதை அவளுக்கு முன்னே போனது.