நொறுக்குத்தீனி ராட்சசியின் பிரவேசம்

திருப்பதியில் என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று பிள்ளைகளின் சாப்பாட்டில் அக்கறை பிறந்தது. பாடமாகச் சொன்னால் மண்டையில் ஏறாதாம், கலையாகச் சொன்னால் நேராக வயிற்றிலேயே இறங்குமாம். அதனால் ஒரு நாடகம். காய்கறிகள் எல்லாம் கூடி நொறுக்குத்தீனி ராட்சசியை அடித்துக் கொல்ல வேண்டும். பார்க்கிற பிள்ளைகள் அன்றிலிருந்து கேரட்டாகத் தின்று தீர்க்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

வேஷம் பிரித்துக் கொடுத்த அழகைச் சொல்ல வேண்டும். நடிக்கத் தெரியுமா என்று ஒரு பிள்ளையையும் கேட்கவில்லை. சிவப்பாக இருந்த பெண் தக்காளி. கறுப்பாக இருந்த பையன் கத்தரிக்காய். ஒல்லிக்குச்சி முருங்கைக்காய். என் மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், அதனால் ராட்சசி. தக்காளிப் பெண் காலையில் வேனில் ஏறும்போதே சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பவள் என்பதும், என் மகள் சோறும் கீரைக் கடைசலும் கட்டிக்கொண்டு போகிறவள் என்பதும் யாருக்கு வேண்டும்? சத்தைக் கண்ணாலேயே அளந்துவிடும் நிபுணர்கள் அவர்கள்.

அந்த வாரமே டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் வீட்டுக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. ஏன் என்று விடாமல் கேட்டபோது சொன்னாள்: "நான் துன்னா, 'ராட்சசி துன்றா பாரு'ன்னு சிரிச்சிக்கினே இருக்காங்கமா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, எங்கள் ஊர் வடமாலபேட்டையில் பஸ் பிடித்துப் போய், நாடகம் போடும் மேடத்தின் முன்னால் நின்றேன். மேடம் தமிழையும் தெலுங்கையும் கலந்து எனக்கு ஆறுதல் சொன்னார்: "பாப்பா அந்த ரோலுக்கு கரெக்ட்டா செட் ஆவுதுமா. உள்ள தலகாணிகூட கட்ட வேணாம். டென்ஷனே லேது."

என் பெண் நடிக்க மாட்டாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் இவள் வேறு மாதிரி பேசுகிறாள். "நான் வேஷம் கட்றேன்மா. நம்ம தர்மராஜா கோயில்ல துரியோதனன் வருவான் இல்ல, அப்டி வரேன்."

எங்கள் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அதில் இருப்பதிலேயே பெரிய கிரீடம் துரியோதனனுக்குத்தான். திரைக்குப் பின்னால் சலங்கை குலுங்க ஆடிவிட்டு அவன் முகம் காட்டுவதற்குள் பாண்டவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். கடைசியில் தொடையில் அடிபட்டுச் சாவான்தான். ஆனால் அவனைப் பார்த்து யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அட்டையை வெட்டிக் கிரீடம் செய்தோம். ஜிகினாவுக்குச் சிப்ஸ் பாக்கெட்டுகளின் வெள்ளி நிற உள்பக்கம். அதற்காக எங்கும் அலையவில்லை. பள்ளிக்கூடத்துக் கேன்டீன் வாசலிலேயே ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

நாடகத்தன்று காய்கறிகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு வரி இங்கிலீஷில் ஒப்பித்தன. கண்ணுக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது. பெற்றோர்கள் தங்கள் தங்கள் காயை மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு இரண்டு பிள்ளைகள் என் பழைய புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பின்னால் சலங்கைச் சத்தம். கிரீடத்தின் நுனி தெரிந்தது, மறைந்தது. ஹாலில் பேச்சு அடங்கியது. புடவை இறங்கியதும் ஒரே ஒருவர் சிரித்துவிட்டால் போதும், இவள் இனி பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் சோறு தின்ன மாட்டாள்.

புடவை இறங்கியது. "யார்ரா அது, என்ன அடிக்க வந்தது?" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு மேடையை ஒரு சுற்று ஆடி வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. தக்காளி ஓடியே போனது. முருங்கைக்காய் மைக்குக்குப் பின்னால் ஒளிந்தது. கேரட் மட்டும் பிளாஸ்டிக் மட்டையோடு நின்று தேம்பியது. ஓரத்திலிருந்து மேடம் "படுக்கோ! படுக்கோ!" என்று பல்லைக் கடித்தார். அடிபடாமல் படுப்பதற்கு அவள் என்ன கிள்ளுக்கீரையா? கேரட்டிடம் குனிந்து, தன் தொடையைத் தட்டிக் காட்டி, "அழுவாத. இங்க அடி, நான் வுழறேன்" என்றாள். கேரட் அடித்தது. இவள் விழுந்த வேகத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. பின் வரிசையில் விசில் பறந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இன்றிலிருந்து நீங்கள் யாரைப் போல இருக்கப் போகிறீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். "ராட்சசி!" என்று ஹாலே அலறியது. அவர் அவசரமாக உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு நிர்வாகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிரீம் பிஸ்கட்டும் கூல் டிரிங்கும் கொடுத்து ஆரோக்கியத்தை நிறைவு செய்தது.

என் மகள் பிஸ்கட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். வகுப்புப் பிள்ளைகள் கிரீடத்தைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். அத்தனை பேர் கண்ணெதிரில் வாய் நிறையச் சாப்பிட்டாள். அந்த வழியாக வந்த மேடம், "டயட் கொஞ்சம் பாருங்கம்மா" என்று என் காதில் சொன்னார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் காலிப் பாக்ஸை என் பக்கம் நீட்டினாள்.

"இவ்ளோதான் கொண்ணாந்தியாமா?"