இடது கைக்கு ஒரு பேனா

பத்திரம் எழுதும் பெருநகர் கிராமத்து முனிரத்தினத்தின் கையெழுத்துக்காகவே உத்திரமேரூர் பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிரே ஆட்கள் காத்திருந்த காலம் உண்டு. ஐம்பத்தேழாம் வருஷத் தை மாதத்தில் அது முடிந்தது. அண்ணன் வயலில் வெல்லம் காய்ச்சினார்கள். மாடு சுற்றும் ஆலையில் கரும்பைச் செருகிக்கொண்டிருந்த முனிரத்தினத்தின் வலது கை உருளைகளுக்கு நடுவே சிக்கியது. மாட்டை நிறுத்துவதற்குள் நான்கு விரல்கள் போய்விட்டன.

புண் ஆறியதும் இடது கையால் எழுதப் பழகினார். மனைவி சிலேட்டைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருஷத்தில் எழுத்து உருவம் கொண்டது. பேனாதான் ஒத்துவரவில்லை. வலது கை இழுத்துக்கொண்டு போகும் நிப்பை இடது கை தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அது தாளைக் குத்தியது, மசியைத் துப்பியது. புதிதாக இரண்டு பேனா வாங்கிப் பார்த்தார். அவையும் அப்படித்தான்.

அவருடன் பத்திரம் எழுதிய கிருஷ்ணசாமி ஒரு யோசனை சொன்னார். "பீச்சாங்கையால எழுதின பத்திரத்த யாரும் வாங்க மாட்டாங்க. நீ உள்ள குந்திக்கினு எழுது. யாராவது கேட்டா நான் எழுதினதா சொல்லிக்கறேன்." முனிரத்தினத்துக்கும் வேறு வழி தெரியவில்லை. எதற்கும் பேனா வேண்டுமே என்று காஞ்சிபுரம் போனார்.

பேனா ரிப்பேர் செய்யும் ஞானதாஸ் அவர் கையைப் பார்த்தார். பழைய பேனா ஒன்றில் மசி நிரப்பிக் கொடுத்தார்.

"எழுதிப் பாருங்கண்ணே."

முனிரத்தினம் தன் பெயரை எழுதினார். நிப்பு எங்கும் இடறவில்லை. ஊர்ப் பெயரையும் எழுதினார்.

"எந்தக் காலத்துது இது?"

"யுத்தத்துக்கு முன்னாடி வந்த சரக்கு. பக்கத்துல கீற இந்தக் குச்சியத் தூக்கினா, உள்ள ரப்பர் பை அமுங்கி மசிய உறிஞ்சும். கறுப்பா இருந்த கட்டை இப்டி பழுப்பாவணும்னா இருவத்தஞ்சி வருசமாவது ஆவும். நிப்பு முனையப் பாருங்க, ஒரு பக்கமாத் தேஞ்சிக்கீது. வச்சிருந்தவரு பீச்சாங்கைக்காரரு."

"யாரு அது?"

"ஏனாத்தூர் வாத்தியாரு ஒருத்தரு. செத்துப்பூட்டாரு. அவரு சம்சாரம்தான் வித்தாங்க."

பேனாவை வாங்கிக்கொண்ட முனிரத்தினம் ஊருக்குத் திரும்பவில்லை. இடது கையால் எழுதி ஒரு மனுஷர் வாழ்ந்திருக்கிறார். எப்படி என்று கேட்க ஏனாத்தூருக்கு நடந்தார்.

வாத்தியாரின் மனைவி ஆண்டாளம்மாள் பேனாவை வாங்கி மூடியைத் தடவினாள். "எங்க நைனா எங்க கல்யாணத்துக்குக் குடுத்தது. முப்பத்திரண்டாம் வருசம்."

"பீச்சாங்கையால எழுதறாருன்னு ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலியாம்மா?"

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"யாருக்குத் தெரியும்? சின்ன வயசுல அந்தக் கையில சூடு போட்டாங்களாம். பள்ளிக்கூடத்துல சோத்தாங்கையாலதான் எழுதுவாரு, கோணலா. வூட்டுக்கு வந்து கதவ சாத்திக்கினுதான் இந்தப் பேனாவத் தொடுவாரு. யாராவது கூப்டா சட்டுனு கை மாத்திக்குவாரு. சாவற வரிக்கும் அப்டித்தான்."

முனிரத்தினம் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் கிருஷ்ணசாமியிடம் போய், "உள்ள வேணாம். என் எடத்துலயே குந்தறேன்" என்றார். எல்லாரும் பார்க்க வெளியே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். பழைய ஆட்கள் பார்த்தார்கள், நலம் விசாரித்தார்கள், கிருஷ்ணசாமியிடம் போனார்கள். அண்ணனும் வந்தார்.

"பொண்ணுக்கு நெலம் எழுதி வைக்கறேன்டா. நல்ல காரியம். பீச்சாங்கை வேணாமேன்னு... தப்பா நெனைக்காத."

"போண்ணா" என்றார் முனிரத்தினம். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

சில நாள் கழித்துச் சாலவாக்கத்திலிருந்து எல்லம்மாள் வந்தாள். கூலி வேலை செய்பவள். வீடு கட்ட ஒரு துண்டு மனை வாங்கியிருந்தாள். அவள் பரம்பரையில் சொந்த மண் என்று யாருக்கும் இருந்ததில்லை. தாளை விரித்துவிட்டு முனிரத்தினம் தயங்கினார்.

"இந்தக் கையாலதான் எழுதுவேன். உனுக்கு சம்மதமா?"

எல்லம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்; பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "நான் ரெண்டு கையாலயும் நாத்து நட்டுத்தான் வாங்கினேன் ஐயா. எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். அவர் காட்டினார். படிக்கத் தெரியாதவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சொல்லித்தான் மற்றவர்களும் வந்தார்கள். பெரும்பாலும் அவளைப் போன்றவர்கள். நிலம் வைத்திருந்தவர்கள் திரும்பவேயில்லை. அந்த வருத்தம் முனிரத்தினத்துக்கு இருந்தது, மறைக்கவும் இல்லை. அறுபத்தெட்டாம் வருஷம் கண் மங்கும்வரை அதே இடத்தில், அதே பேனாவால் எழுதினார்.