அடைப்பு வீட்டின் பின்வாசல்

மூன்று வயதில் வந்த காய்ச்சல் பாவாயியின் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போனது. நல்ல வேளை, கைகளை விட்டுவைத்தது. அந்தக் கைகளை ஊன்றித்தான் ஆட்டையாம்பட்டியில் முப்பது வருஷம் நகர்ந்தாள். அதே கைகளால் முறுக்குச் சுற்றித்தான் சோறு தின்றாள். லாரி டயரை வெட்டித் தைத்த செருப்பு ஒரு ஜோடி வைத்திருந்தாள், மாட்டுவது உள்ளங்கையில்.

இருந்தது அண்ணன் மணியன் வீட்டில். மணியன் ரொம்ப நல்லவன், அதுதான் தொல்லை. பஸ் படி, கோயில் படி, எங்கே படி வந்தாலும் கேட்காமலே தங்கையை அள்ளித் தோளில் போட்டுக்கொள்வான். ஊர் பார்க்கும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

"பொணத்தத்தானுங்ணா கேக்காமத் தூக்குவாங்க" என்று ஒருநாள் சொல்லியே விட்டாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

எண்பத்தொன்றில், முறுக்குப் பொட்டலம் கட்டக் கிழித்த செய்தித்தாளில் ஒரு சேதி பார்த்தாள். சேலத்துக்கு வெளியே ஒரு சர்க்கார் காலனி. ஏழைகளுக்குக் குறைந்த வாடகை. கீழ்த்தளத்தில் சில வீடுகள் ஊனமுற்றோருக்கு. அந்தத் துண்டில் மட்டும் முறுக்குக் கட்டவில்லை.

மனு போடுவது என்றால் சும்மாவா? நடக்க முடியாதவள் என்று டாக்டர் எழுதித் தருகிற அறை மாடியில் இருந்தது. சர்க்காரின் சாமர்த்தியத்துக்கு அது ஒன்றே போதும். வருமானச் சான்றுக்கு நாலு நடை. நடை என்று சொல்வது வழக்கம், நடந்தது மணியன். ஒவ்வொரு மாடிக்கும் அவன் தோளில் ஏறும்போது, இந்த வீடு கிடைத்துவிட்டால் இனி எவர் தோளும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கிணற்றில் போட்ட கல். எண்பத்து மூன்று ஐப்பசியில் கார்டு வந்தது. பதினைந்து நாளில் குடிவர வேண்டும், பூட்டிக் கிடந்தால் அடுத்த மனுவுக்குப் போய்விடும். வரிசையில் நாற்பதாவதாக இருந்தவளுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்த காலனி கிளார்க் வேலுசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் உயரமாக நாலு படி இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. மணியன் பழக்கதோஷத்தில் அவளை அள்ளிக்கொண்டு ஏறினான். பக்கத்து வீட்டு ராமாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த ஊட்டுக்கா வாரீங்க? உங்களுக்கு ஆரும் சொல்லுலீங்களா?"

செங்கோட்டையன் என்ற கிழவர், சுருட்டும் கையுமாக அந்த வீட்டில் குடியிருந்தவர், அவிட்ட நட்சத்திரத்தில் செத்துப்போனார். அவிட்டத்தில் செத்தால் ஆறு மாசம் அடைப்பு. வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். பிணத்தை வாசல் வழியே எடுக்கக் கூடாது; தெரிந்த வழி என்று திரும்பி வந்து துணைக்கு ஆள் கூப்பிடும் என்பார்கள். அதனால் சுவரை உடைத்து எடுத்துவிட்டு, உடைத்ததை உடனே அடைத்துவிடுவார்கள். மகன்கள் சர்க்கார் சுவர் என்றும் பார்க்காமல் பின்சுவரை உடைத்தார்கள். அடைக்கும்போது சிமெண்டுக்குக் காசு பார்த்து மண்ணைக் குழைத்து அடைத்தார்கள்.

"அன்னைலருந்து பொழுது சாஞ்சா ஒரு செங்கல்லு உழுகும் அம்மிணி. உள்பக்கமாத்தான் உழுகும். நாமளும் எடுத்து வெச்சுத்தான் பாக்கறோம். மூணு குடும்பம் சாவி வாங்கிட்டு ஓடிப்போச்சு."

மணியன் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. "வா அம்மிணி, போயிரலாம்."

"நா வரலீங்ணா."

அவனுக்கு மறுநாள் வேலை. இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தான். "ஞாயித்துக்கெழம வாரேன். தனியா முடியலீன்னா தூக்கிட்டுப் போயிருவேன், அப்பறம் பேசப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கள் போய்ச் செவ்வாய் வந்தது, புதன் வந்தது. ஒரு கல்லும் விழவில்லை. குழாய் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் போக முன்படி இறங்கிச் சுற்ற வேண்டும். வியாழக்கிழமை தண்ணீர் தீர்ந்தது. வெள்ளி காலை படியில் இறங்கிப் பார்த்தாள். இரண்டாம் படியில் கை வழுக்கி முகவாய் கிழிந்தது. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். அந்த வீட்டில் இருக்கிறவளைத் தொட ஒருவரும் வரவில்லை. ஊன்றி ஊன்றி மறுபடி உள்ளே வந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமையை நினைத்ததும் அழுகை வந்தது. பேயை நினைத்துக்கூட அப்படி வரவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரம். பின்சுவரில் ஒரு செங்கல் விழுந்தது. காற்று இல்லை, எலி இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கல் மெல்ல அசைந்து, யாரோ உள்ளே தள்ளியதுபோல நகர்ந்து விழுந்தது. சுருட்டு வாசம் அடித்தது. ஓடலாம் என்றால் கால் ஏது?

ஓட முடியாததால் பார்த்தாள். கல் விழுந்த சந்து வழியாகக் குழாய் தெரிந்தது. வீட்டுக்கு முன்பக்கம் பள்ளம், பின்பக்கம் மேடு. தரையும் வெளிமண்ணும் ஒரே மட்டம். நடுவில் ஒரு படிகூட இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வாசலை அவள் கண்டதில்லை.

நகர்ந்து சுவரோரம் போனாள்.

"ஏனுங்க பெரியவரே, உள்ள வாரதுன்னா வாங்க. ஆனா கொஞ்சம் ஒதுங்கி வாங்க. நா வெளிய போவோணும்."

மிச்சக் கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மண்பூச்சு கைக்கு அடங்கி வந்தது. முந்தானையில் குடத்தைக் கட்டிக்கொண்டு, கையில் டயர் செருப்பை மாட்டிக்கொண்டு, பிணம் போன வழியில் தலையை நீட்டினாள்.

குழாயடியில் ராமாயி. மங்கின வெளிச்சத்தில் செத்தவன் பொந்திலிருந்து ஒன்று தவழ்ந்து வருவதைக் கண்டவள் போட்ட அலறல் காலனி முழுக்கக் கேட்டது. அவள் குடம் உருண்டு ஓடியது.

"அலறாதீங்கக்கா, நாந்தான். அந்தக் கொடத்தப் புடிச்சு வைங்க."

ஞாயிற்றுக்கிழமை மணியன் வந்து முன்படியில் நின்றான். பின்பக்கமிருந்து தங்கை குரல் கொடுத்தாள். சுற்றிப் போய்ப் பார்த்தான். ததும்பத் ததும்பத் தண்ணீரோடு தானே உள்ளே போய்க்கொண்டிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று அழுதான். பாரம் இறங்கினதுபோலவும் இருந்தது, தங்கையைப் பறிகொடுத்ததுபோலவும் இருந்தது.

அடுத்த வாரம் வேலுசாமி கொத்தனாரோடு வந்தார், சர்க்கார் சுவரில் ஓட்டை இருக்கக் கூடாது என்று. பாவாயி ஓட்டையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். "அடைங்க சாமி. என்னையும் வெச்சே அடைச்சிருங்க." வேலுசாமி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். நோட்டில் பின்வாசல் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். மணியன் ஒரு பலகைக் கதவு போட்டான்.

அந்த வாசலில் நாலு வருஷம் முறுக்கு விற்றாள். சில நாள் பொழுது சாய்ந்தால் சுருட்டு வாசம் வரும். அன்று ஒரு முறுக்கை நிலையோரம் வைத்துக் கும்பிடுவாள். காலையில் இருக்காது. "எலி தின்னிருக்குங்கக்கா" என்பாள். எலிக்கு என்னத்துக்குக் கும்பிடு என்று ராமாயி கேட்பாள்.

எண்பத்தெட்டு தை மாசம், நாலு நாள் காய்ச்சலில் பாவாயி போய்ச் சேர்ந்தாள். நல்ல நட்சத்திரம், அடைப்பு இல்லை, முன்வாசல் வழியாகவே எடுக்கலாம் என்றார்கள். மணியன் குறுக்கே நின்றான். "அவ வழியில எடுங்க" என்றான். பலகைக் கதவை ராமாயியே கழற்றி வைத்தாள்.

அடுத்த மனு பொன்னன் என்கிற தறிக்காரருடையது. இடுப்புக்குக் கீழே விளங்காதவர். திங்கட்கிழமை அவருக்குச் சாவி. அதற்குள் வீட்டைச் சரிசெய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஞாயிறு சாயங்காலம் கொத்தனார் நல்ல சிமெண்டு போட்டு ஓட்டையை அடைத்தார். வேலுசாமி பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

காலையில் வந்து திறந்தார். சுவர் திறந்து கிடந்தது. இந்தத் தடவை கற்கள் விழுந்து சிதறவில்லை. சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருந்தன. உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரம்வரை அடுக்கு இருந்தது, அதற்குமேல் ஒரு கல் இல்லை.

ராமாயி வந்து பார்த்தாள். அவள் அலறவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வர்றவருக்கும் கால் இல்லீன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க" என்றாள்.

வேலுசாமி கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பலகைக் கதவு எங்கே கிடக்கிறது என்று தேடப் போனார்.