ஐந்து விரல் பதிந்த தட்டு

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஈஸ்ட்டக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சை வளர்க்கிறாள். "என் பிள்ளைங்களைவிட இதுங்க சொன்ன பேச்சு கேக்கும்" என்பாள்.

போன வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே வாரத்தில் மூன்று நோயாளிகளின் ரத்தத்தில் ஈஸ்ட் என்ற பூஞ்சை முளைத்தது. மருந்தில் மூவரும் தேறிவிட்டார்கள். ஆனால் அங்கிருந்த நர்ஸின் கையைச் சோதித்தபோது அதே வகை ஈஸ்ட் கிடைத்தது. தலைமை மருத்துவருக்கு அது போதும். அவளை வேலையைவிட்டு நீக்கக் கடிதம் தட்டச்சாகிவிட்டது.

அந்த நர்ஸ் ஈஸ்ட்டக்காவின் நாத்தனார். ஒரே வீடு, ஒரே சமையலறை. ஆனால் வாஷிங் மெஷினில் யார் துணி முதலில் என்ற தகராறில் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஈஸ்ட்டக்கா இப்போது வசமாகப் பழிதீர்ப்பாள் என்று ஆய்வுக்கூடமே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது.

அவளோ நேரே தலைமை மருத்துவரிடம் போனாள். "சார், வகை ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது. இந்த வகை எத்தனையோ பேர் கையில இருக்கும். டிஎன்ஏவை வெட்டி ஜெல்லில ஓட்டினா கோடு கோடா விழும். கோடெல்லாம் பொருந்தினாத்தான் ரெண்டும் ஒரே கிளை. பிரிவுக்குள்ள வந்துபோற எல்லார் கையும் வேணும்."

"எடுத்துக்கம்மா. என் கை மட்டும் வேண்டாம். கை கழுவறதைப் பத்திப் பாடம் நடத்தறவன் நான்."

"சரிங்க சார்."

மறுநாள் ஒரு தட்டோடு அவர் அறைக்குப் போனாள். "பூஞ்சை வளர்க்கற கூழ், புதுசா ஊத்தினது சார். சரியா உறைஞ்சிருக்கான்னு அழுத்திப் பாத்துச் சொல்லுங்களேன். உங்க அனுபவம் யாருக்கு வரும்?"

அவர் உச்சி குளிர்ந்துபோய், மோதிரம் போட்ட கையின் ஐந்து விரலையும் பதித்தார். "நல்லாத்தானே இருக்கு."

"ரொம்ப நன்றி சார்." வெளியே வந்ததும் தட்டில் ஒன்பது என்று எழுதினாள்.

ஒரு வாரம் கழித்துக் கூட்டம். ஜெல் படத்தில் மூன்று நோயாளிகளின் கோடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. நாலாம் எண்ணான நர்ஸுக்கு இரண்டு கோடு தள்ளி நின்றது.

"ஒன்பதாம் எண் மட்டும் அப்படியே பொருந்துது" என்றாள் ஈஸ்ட்டக்கா.

"யாரு அது?" தலைமை மருத்துவர் உறுமினார்.

"உறைஞ்சிருக்கான்னு அழுத்திப் பாத்தீங்களே சார்."

அவர் மெல்ல மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடப் போனார்.

"பையில வேண்டாம் சார். அதுக்கும் ஒரு தட்டு கொண்டுவந்திருக்கேன்."

நீக்கல் கடிதம் அன்றே கிழிந்தது. வாசலில் நாத்தனார் காத்திருந்தாள்.

"அண்ணி, படத்தில பாத்தேன், என்னோட கோடு பதினொண்ணாம் எண்ணோட பொருந்திச்சே, அது யாரு?"

ஈஸ்ட்டக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான்தான். ஒரே வீட்டுல இருந்தா அப்படித்தான்."

"அப்ப உங்ககிட்டேருந்துதான் எனக்கு ஒட்டியிருக்கு."

"ஏன், உன்கிட்டேருந்து எனக்கு ஒட்டக் கூடாதா?"

"உங்க ஜெல் என்ன சொல்லுது?"

"யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு அது சொல்லாது."

"அப்ப நான் சொல்றேன். நீங்கதான்."

பேருந்திலும் அது ஓயவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில், முன்னிருக்கையில் இருந்தவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்.