மூன்றாம் பக்கத்தில் நான் அடித்துவிட்ட நிபந்தனை

போன மழைக்காலத்தில், பர்மாவில், யாங்கோன் நகரின் தின்கன்ஜூன் பகுதியில், எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது.

நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். எம்.எஸ்சி. முடித்து ஆறு வருஷம் கழித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டு, ஐந்து பக்கக் கட்டுரை அனுப்பியிருந்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு, ஆன்லைனில். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இங்கே பகுதி பகுதியாக முறை வைத்துத்தான் கரண்ட் விடுவார்கள். அன்று எங்கள் பக்கம் ஒரு மணிக்குக் கரண்ட் வரவேண்டிய முறை. வரவில்லை. ஒன்றரை வரை சுற்றாத ஃபேனை முறைத்துக்கொண்டிருந்தேன். என் லேப்டாப்போ பழசு, ஒயரைப் பிடுங்கினால் செத்துவிடும். அதையும் கட்டுரையையும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடினேன்.

ஜெராக்ஸ் கடை பாய் நம் தமிழர்தான். ஆனால் பெரிய பழக்கமில்லை. நகல் மங்கலாக இருக்கிறது என்று இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அவர் கடையில் பேட்டரி இருந்தது. வரிசையில் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷினும் ஒங்க கம்ப்யூட்டரும் சேந்து ஓடுனா பேட்டரி தாங்காது, சயாமா" என்றார். இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. அவரோ மெஷினை அணைத்துவிட்டு, நின்றவர்களைப் பர்மிய மொழியில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தி, பிறகு வரச் சொன்னார். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பத்து நிமிஷம் மிச்சமிருந்தது. கட்டுரையைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு பெரிய வெளியில் ஒரு பகுதியை, அதாவது துணைவெளியை, பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஈவு வெளி. அதில் ஒன்றின் அளவு, அந்தத் துணைவெளியிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே. அந்த அளவுகோலைத்தான் செமிநார்ம் என்கிறோம். துணைவெளி 'மூடியதாக' இருந்தால், அதாவது அதன் உறுப்புகள் நெருங்கிக்கொண்டே போய்ச் சேரும் எதுவும் அதற்குள்ளேயே இருந்தால், எல்லாம் ஒழுங்காக நடக்கும். இல்லாவிட்டால், உள்ளே இல்லாத ஒன்றுக்கும் அளவுகோல் பூஜ்யம் காட்டும். முதலில் அந்த நிபந்தனையை எழுதித்தான் இருந்தேன். அனுப்புவதற்கு முந்தின நாள், அது இல்லாமலே நிரூபித்துவிட்டேன் என்று நினைத்து அடித்துவிட்டேன். நிபந்தனை குறைந்தால் தேற்றம் பெரிதாகுமே! கணக்கு ஆராய்ச்சி செய்பவர்களுக்கு வரும் பேராசை அது. இப்போது பார்த்தால் நிரூபணத்தில் ஓட்டை. தேற்றமே தப்பு.

அதற்குள் திரையில் மூன்று முகங்கள் வந்துவிட்டன.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மூன்றாம் பக்கத்தின் கிட்டேயே யாரும் வரவில்லை. பேட்டரி 'பீப்' என்று கத்தத் தொடங்கியது. பாய் சத்தமில்லாமல் ஃபேனை நிறுத்தினார், பிறகு விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் நின்றார். கடைசியில் ஒருவர், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

வாயை மூடிக்கொண்டு நன்றி சொன்னால் முடிந்தது. கிடைக்கப்போகிற இடத்தை நானே கெடுத்துக்கொள்வதா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் தப்பைப் பார்த்துவிட்டேனே, பார்க்காதவள் மாதிரி எப்படி எழுந்து போவேன்? "மூன்றாம் பக்கத் தேற்றம் தவறு" என்று சொல்லிவிட்டேன். குப்பைக்கூடையிலிருந்த வீணான நகலின் பின்பக்கத்தில் ஓர் உதாரணம் எழுதிக் காட்டினேன். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை உள்ள எல்லாத் தொடர்ச்சியான சார்புகளும் பெரிய வெளி, பல்லுறுப்புக்கோவைகள் துணைவெளி. எந்தச் சார்பை எடுத்தாலும் பல்லுறுப்புக்கோவைகள் அதை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கிவிடும், அதனால் அளவு பூஜ்யம்; ஆனால் எல்லாச் சார்பும் பல்லுறுப்புக்கோவை இல்லை. காகிதத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தபோது பேட்டரி போய்விட்டது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"கெடைச்சிருச்சா, சயாமா?"

"எந் தப்ப நானே சொல்லிட்டேன், பாய். பதில் வர்றதுக்குள்ள கட்டாயிருச்சு."

"அடுத்தவங்க தப்ப மட்டுந்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. கடைசியில் ஒரு வரி இருந்தது: நேர்காணல் தொடங்குவதற்கு முன்பே இடம் தருவதாக முடிவு செய்திருந்தோம், அந்தப் பிழையை எங்களில் யாரும் கவனித்திருக்கவில்லை.

அதைப் பாயிடம் காட்டத்தான் முதலில் ஓடினேன். அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும். எந்த அளவுகோலும் என் மேல் குற்றம் காட்டியிருக்காது. ஆனால் பூஜ்யம் காட்டிவிட்டதால் மட்டும் ஒரு தப்பு இல்லாமல் போய்விடாது என்பதை, கணக்கிலிருந்து அல்ல, அந்த இருட்டுக் கடையின் ஸ்டூலில்தான் நான் உண்மையில் கற்றுக்கொண்டேன்.